குலசை போனா கால் சும்மா இருக்காது!

எனக்கு ஆட வராது. வராதுன்னா, சுத்தமா வராது. ஃபர்ஸ்ட் இயர் கல்ச்சுரல்ஸ்ல குரூப் டான்ஸ் கடைசி வரிசையில ஒருத்தன் தனியா ஒரு திசையில ஆட, மொத்த ஆடிட்டோரியமும் விழுந்து விழுந்து சிரிச்சதே... அந்த ஒருத்தன் நான்தான். அதுக்கப்புறம் கல்யாண வீடோ, ஃபேர்வெல்லோ, பாட்டு போட்டா போதும், ஓரமா போய் போனை நோண்ட ஆரம்பிச்சுடுவேன்.

அப்படிப்பட்ட என்னை ரூம்மேட் தசராவுக்கு இழுத்துட்டுப் போன ஊர் குலசேகரன்பட்டினம். சுருக்கமா, குலசை. திருச்செந்தூர்ல இறங்கி இன்னொரு பஸ் பிடிச்சா, வழியெல்லாம் பனைமரம். இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்களே, அதே ஊர்தான். ஆனா நவராத்திரி வந்துட்டா அங்கே ராக்கெட் பேச்சே கிடையாது. எல்லாம் முத்தாரம்மன்தான்.

வேண்டிக்கிட்டவங்க மாலை போட்டு விரதம் இருந்து, காப்பு கட்டி, வேஷம் போடுறாங்க. ஊர் ஊரா ஆடிப் போய் கையேந்திக் காணிக்கை வாங்கி, அம்மன் உண்டியல்ல போடணும். குரங்கு, கரடி, ராஜா, பிச்சைக்காரன்னு எது வேணும்னாலும் வேஷம். நான் ஒரு போலீஸ்கிட்ட பவ்யமா வழி கேட்டேன். அவர் தட்டை நீட்டினார்!

காளி வேஷம்தான் கஷ்டம். 41 நாள், 48 நாள்னு விரதம் இருக்காங்க. ரூம்மேட்டோட அப்பா காளி. பனை ஓலைக் குடிசையில ஒரு வேளைச் சாப்பாட்டோட இருந்தார். மத்த நாள்ல அவருக்கு உப்பளத்துல வேலை. உப்புத் தண்ணியில நின்னு நின்னு பாதம் வெடிச்சிருக்கு, முட்டியும் தேய்ஞ்சிருக்கு. வயசுல சின்ன சூப்பர்வைசர்கூட அவரை 'ஏல'ன்னுதான் கூப்பிடுவானாம்.

அந்த மனுஷர் கிரீடமும் கோரைப்பல்லுமா வெளியே வந்தார். பின்னாடி எட்டுக் கை. தப்பட்டை அடிச்ச அடியில் உடம்பு ஒரு உதறு உதறிச்சு. எங்க பாட்டி வயசுல ஒரு அம்மா, "தாயே"ன்னு அவர் கால்ல விழுந்தாங்க. ரூம்மேட் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கண்ணைத் துடைச்சானோ என்னவோ, நான் கேட்டுக்கலை.

"முட்டி வலிக்காதாப்பா?"ன்னு இடைவேளையில கேட்டேன்.

"கொட்டு கேக்க வரைக்கும் ஒண்ணும் தெரியாது தம்பி."

சும்மா சொல்றார்னு நினைக்காதீங்க. 2015ல ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசில்ல ஸ்கூல் பசங்களை ஆட விட்டு, பி.பி. பார்க்கிற பட்டையைக் கையில இறுக்கி, எவ்வளவு வலி தாங்கறாங்கன்னு பார்த்திருக்காங்க. உடம்பை வருத்தி ஆடினாலும் தாங்கற சக்தி கூடியிருக்கு; ஒரே அசைவா சேர்ந்து ஆடினாலும் கூடியிருக்கு. கூட ஆடினவங்க மேல ஒட்டுதலும் வந்திருக்கு.

இதை அவர்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் 2020ஐப் பத்திச் சொன்னார். கொரோனா வருஷம். கடற்கரையில நடக்குற சூரசம்ஹாரம், பக்தர்கள் கூட்டமில்லாம கோயில் வளாகத்துக்குள்ளேயே முடிஞ்சது. "அன்னைக்கு ராத்திரி முத்தத்துல தனியா நின்னு ஆடிப் பாத்தேன். வரவே இல்ல. கூட ஆள் வேணும்லா?" அந்த வருஷம் முழுக்க நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரியே இருந்துச்சாம்.

பத்தாம் நாள் ராத்திரி. கடற்கரையில மணலே தெரியாத கூட்டம். மகிஷாசுரன் சிங்கமா, எருமையா தலை மாத்தி மாத்தி வர்றான். சுத்தி நூத்துக்கணக்குல காளிகள். எந்தக் காளி அப்பான்னு ரூம்மேட்டுக்கே தெரியலை. நாலு பக்கமும் தப்பட்டை. சத்தம் காதுல கேக்கலை, வயித்துல கேட்டுச்சு. முதல்ல பெருவிரல் தாளம் போட்டது. அதை அடக்கறதுக்குள்ள குதிகால். அப்போ வாலோட ஒரு குரங்கு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்துச்சு.

எவ்வளவு நேரம் ஆடினேன்னு தெரியாது. யாராவது சிரிச்சாங்களான்னும் தெரியாது, சத்தியமா பார்க்கலை.

மறுநாள் காப்பு அவிழ்த்து வீடு திரும்பினோம். அப்பா பழைய லுங்கியில திண்ணையில உட்கார்ந்திருந்தார். காது மடல்ல செவப்புச் சாயம் இன்னும் போகலை. முட்டியில அயோடெக்ஸ் தேய்ச்சுட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"உங்களுக்கும் வேணும்லா தம்பி?"

வேணும்தான். கெண்டைக்கால் ரெண்டும் கல்லு மாதிரி இருந்துச்சு.