தெரியும், மனசுதான் வரல

ஜூலை 7, 2025, திங்கள்

பாகப்பிரிவினை வழக்கு ஒன்றுக்குப் பதிலுரை வரைய வேண்டும். தாத்தா காலத்து நிலம். வழக்குப் போட்டவர் தங்கை, என் கட்சிக்காரர் அண்ணன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தமும், 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இருக்கையில் மகளுக்குப் பங்கில்லை என்று வாதாட இடமே இல்லை என்று விளக்கினேன். "நியாயம் தெரியுது சார், மனசுதான் வரல" என்றார். கல்யாணத்தில் போட்ட நகைக்கு ஈடாகத் தங்கை பங்கை வாய்மொழியாக விட்டுக்கொடுத்ததாக எழுதச் சொல்கிறார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சொன்னவரும் அவர்தான்.

ராத்திரி வாங் யாங்மிங்கைப் படித்தேன். 1472இல் பிறந்து 1529இல் மறைந்த சீன அதிகாரி, ஞானி. அவர் கணக்கில் என் கட்சிக்காரருக்கு நியாயம் இன்னும் தெரியவில்லை. வலித்தவனுக்குத்தான் வலி தெரியும், பசித்தவனுக்குத்தான் பசி தெரியும். பெற்றோரைப் பேணுவதைப் பற்றி அழகாகப் பேசுகிறவனை அல்ல, பேணுகிறவனையே அது தெரிந்தவன் என்கிறோம். அறிதல் தொடக்கம், செய்தல் அதன் முடிவு. நடுவே பிளவு இல்லை என்கிறார். நீதிமன்றத்தில் தினமும் நிற்கிற எனக்கு இதைவிடக் கறாரான பேச்சு வேறு கிடைத்ததில்லை.

ஜூலை 9, புதன்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் பருத்திப்பட்டு தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. பத்துப் பக்கமாவது நகர்ந்தது.

நெறியை எங்கே தேடுவது என்ற சண்டை சீன ஞானிகளிடையே வாங்குக்கு முன்பே தொடங்கிவிட்டது. உலகத்துப் பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நெறியைக் காண வேண்டும் என்றார் ஜூ ஷி. நெறி மனசிலேயே இருக்கிறது, முதலில் அதை நிலைநிறுத்து என்றார் லூ ஜியுயுவான். 1175இல் வாத்து ஏரிக் கோயிலில் இருவரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். முடிவு எட்டவில்லை. இந்த லூ பிறந்தது 1139. இங்கே இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சி, குன்றத்தூர்ச் சேக்கிழார் பெரியபுராணம் பாடிய காலம். பூந்தமல்லியிலிருந்து கூப்பிடு தூரத்து ஊர்க்காரர் அடியார்களின் மனசை எழுதிக்கொண்டிருந்தபோது, சீனத்தில் மனசையே அடிப்படையாக்கப்போகிற பிள்ளை பிறந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

வாங் இளைஞராக இருந்தபோது ஜூ ஷி சொன்னபடி மூங்கிலின் எதிரே உட்கார்ந்து அதன் நெறியைத் தேடியிருக்கிறார். ஏழாம் நாள் நோயில் விழுந்தார். பிறகு 1506இல், லியு ஜின் என்ற அரண்மனை அண்ணகரின் அதிகாரத்துக்குப் பலியாகிச் சிறைப்பட்டவர்களுக்காக மனுக் கொடுத்தார். நாற்பது பிரம்படி, குய்சோ மலைப்பகுதியில் லோங்சாங் என்ற இடத்துக்கு நாடுகடத்தல். அங்கே கூட வந்த வேலையாட்கள் நோயில் படுத்தபோது விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் இவர்தான். 1508இல் ஓர் இரவு, நெறியை வெளிப்பொருளில் தேடியது தவறு, தேவையானதெல்லாம் தன்னிடமே இருக்கிறது என்று விழித்துக்கொண்டார். கஞ்சி காய்ச்சிய நாட்கள் இல்லாமல் அந்த இரவு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஜூலை 10, வியாழன்

நம் வழக்கு அழைத்தார்கள். பதிலுரைக்கு வாய்தா கேட்டேன், 28ஆம் தேதி.

அதிகாரி ஒருவர் வாங்கிடம், வழக்கும் கோப்பும் மிகுதி, உங்கள் கல்வியைப் பயில நேரமில்லை என்று வருந்தியிருக்கிறார். வழக்கை விட்டுவிட்டு வந்து படி என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்டார் வாங். எதிரே நிற்பவன் முரட்டுத்தனமாகப் பதில் சொன்னான் என்று கோபப்படாதே, நயமாகப் பேசினான் என்று மகிழாதே, வேலை குவிந்திருக்கிறது என்று அவசரத் தீர்ப்பு எழுதாதே, அதுதான் படிப்பு. குமாஸ்தாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஆபீஸுக்கே எழுதின மாதிரி இருக்குங்க" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

திருநின்றவூர் போனேன், பட்டாபிராம் தாண்டி இரண்டாவது ஸ்டேஷன். இருதயாலீசுவரர் கோயில், பூசலார் நாயனாரின் ஊர். நெஞ்சுவலிக்காரர்கள் வேண்டிக்கொண்டு வரும் தலம்.

கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்து கிடைக்காமல், பூசலார் மனசிலேயே கட்டினார். சேக்கிழார் அதைச் சொல்லும் முறையில்தான் என் கவனம் நிற்கிறது. மனசில் கட்டுகிறவர் கண்மூடித் திறப்பதற்குள் முடித்திருக்கலாமே? அவர் தச்சரைத் தேடினார், நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவும் உறங்காமல் வேலை பார்த்தார். அளவு பிசகாமல் விமானம் உயர்த்தி, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குளமும் வெட்டினார். வெறும் கற்பனை செய்கிறவனுக்குக் கிணறு எதற்கு? காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோன் குடமுழுக்குக்கு வைத்த அதே நாளைப் பூசலாரும் வைத்திருந்தார். சிவன் மன்னன் கனவில் வந்து, நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு நின்றவூர்க் கோயிலுக்குப் போனார்.

இதை ஏழையின் ஆறுதல் கதையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. இதில் இருப்பது உழைப்பு. அறிதலும் செய்தலும் ஒன்று என்பதற்கு வாங்கே இப்படி ஓர் ஆளைக் கண்டிருக்க மாட்டார். மனசால் செய்வதும் செயல்தான். ஒரு கல்லைக்கூடத் தாண்டிப் போகாமல் செய்தால்.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு சந்தேகம் விடவில்லை. மனசே நெறி என்றால், பிடிவாதக்காரன் தன் ஆசையை நியாயம் என்று சொல்லிக்கொள்ளலாமே? வாங் வாழ்ந்த மிங் அரசு விழுந்த பிறகு கூ யென்வூ போன்றவர்கள் வாங் வழிவந்தவர்களின் வெற்றுப் பேச்சைக் கடுமையாகச் சாடினார்கள். சாட்சி, பத்திரம், பட்டா என்று பார்க்கிற என் தொழில் ஜூ ஷியின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் என் கட்சிக்காரர் விஷயத்தில் எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை. தங்கை பங்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் தரையைத்தான் பார்க்கிறார். சுயநலம் மூடினாலும் உள்ளே நியாயத்தை உணரும் அறிவு அணையாது என்று வாங் சொன்னது இதைத்தான்.

சாயங்காலம் அவர் வந்தார். நடக்காத விட்டுக்கொடுப்பை நான் எழுத மாட்டேன், வேண்டுமானால் வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டு போகலாம் என்றேன். சமரசத்துக்கு ஒப்பினால் பங்கு வரைபடத்தை நானே போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன். கட்டைக் கையில் எடுத்தார், திரும்ப மேஜைமேல் வைத்தார். வீட்டம்மாவிடம் பேசிவிட்டு வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாராம். சர்வேயரிடம் புல எல்லை அளவு கேட்டு வைக்க வேண்டும்.