மூன்று பாட்டில் ஓர் அரசி

பெரியபுராணத்திலே மங்கையர்க்கரசியாருக்கென்று சேக்கிழார் தனியே வகுத்த புராணம் மூன்றே செய்யுட்களில் முடிந்துவிடுகிறது. சோழர் குலத்திற் பிறந்து, ஏழாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட நின்றசீர் நெடுமாறனுக்குப் பட்டத்தரசியாகி, கணவன் சமணம் சார்ந்திருந்த காலத்திலும் தன் நெஞ்சிலே சைவத்தைக் காத்துநின்ற அம்மாதேவியின் சரித்திரம், பெரும்பாலும் திருஞானசம்பந்தர் புராணத்தினுள்ளே விரவிக் கிடக்கிறது. அதைத் தேடியெடுத்துத் தொடுத்து, மேடையில் ஒருவராகவே நின்று கதாப்பிரசங்கமாக நடத்துவதற்குக் கல்வியும் சங்கீதமும் அபிநயமும் ஒருங்கே வேண்டும்.

சித்திரை ரோகிணியில் வரும் அரசியின் குருபூசையை ஒட்டி இணுவிலுக்கு அண்மையிலுள்ள ஒரு கோவிலில் இக்கதை நிகழவிருப்பதை அறிந்து, மாலைப் பூசைக்கு முன்னரே அங்கே சென்றேன். மண்டபத்து ஓரத்திலே பாய்மீதமர்ந்து, பிரசங்கியாரான அம்மையார் சப்ளாக்கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதியவரான மிருதங்கக்காரர் சுருதிப்பெட்டியோடு இசைய வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். வேடமோ திரையோ இக்கலைக்கு இல்லை. முந்தானையை இடுப்பிற் செருகி, முதுகைச் சற்றே வளைத்து, குரலைக் கீழ்ஸ்தாயிக்கு இறக்கியதும் அம்மையார் கூன்பாண்டியனான நெடுமாறனாகிறார். அதே முந்தானை தோளுக்கு ஏறி, பார்வை நிலத்துக்குத் தாழ்ந்ததும் அரசியாகிறார்.

தஞ்சையிலே மராட்டியரின் கீர்த்தன மரபைத் தழுவிக் கிருஷ்ண பாகவதர் வளர்த்த கதாகாலட்சேபமும், 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த பிரசங்கமும், அவற்றுக்கும் முற்பட்ட புராணபடனமும் யாழ்ப்பாணத்து மேடையிலே ஒன்றுகூடின. தெல்லிப்பழையில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்களின் சொல்லைக் கேட்டு வளர்ந்த ஊர்களிலே, ஒரு பெண் தனித்து நின்று புராணம் சொல்வது எவருக்கும் புதுமையாகத் தோன்றுவதில்லை.

அன்றிரவு என் உள்ளத்தை முற்றாகக் கவர்ந்தது தீயின் கட்டமே. சம்பந்தர் தங்கிய மடத்துக்குச் சமணர் வைத்த நெருப்பை அவர் பாண்டியனிடமே திருப்பி அனுப்புகிறார். ஆயினும் அது மெல்லவே செல்லவேண்டுமென்கிறார். அதற்குச் சேக்கிழார் அடுக்கும் காரணங்களுள் முதலாவது, பாண்டிமாதேவியின் மங்கலநாணைக் காக்கவேண்டுமென்பது. அவ்விடத்திலே அம்மையார் சப்ளாக்கட்டையை நிறுத்திவிட்டார். துரிதகாலத்தில் ஓடிவந்த மிருதங்கம் விளம்பத்துக்கு இறங்கியது. வயலின் ஒரே சுரத்தில் நின்றது. கணவனைச் சுடப்போகும் வெப்புநோயை அறியாது நிற்கும் ஒருத்தியின் பொருட்டு அந்நெருப்பே நடை தளர்கிறதென்பதை, ஒரு சொல்லும் கூறாமல், கழுத்தருகே சென்று தங்கிய ஒரு கையினாலே அவர் உணர்த்தினார்.

கதை முடிந்தபின் இதைப் பற்றிக் கேட்டேன். "அழுது காட்டுறது சுகம் தம்பி. அழாமல் நிக்கிற அரசியைக் காட்டுறதுதான் பாடு. அதுக்குத் தாளம் பிடிபடவேணும்," என்றார்.

மிருதங்கக்காரர் தம் கவலையைச் சொன்னார்: "முந்தி மூண்டு மணித்தியாலம் வாசிப்பம். இப்ப அரை மணித்தியாலத்தில முடியுங்கோ எண்டு கேக்கினம். அதுக்குள்ள பாண்டியனுக்குக் காய்ச்சலே வராது."

அவர் கூறியது முழு உண்மை. வெப்புநோய் தணிந்து, அனல்வாதமும் புனல்வாதமும் நடந்து, கூன் நிமிர்வதற்குள் அரசியின் அச்சமும் பொறுமையும் படிப்படியாக வளரவேண்டும். நேரத்தைக் குறைத்தால் அற்புதங்கள் மாத்திரம் எஞ்சும், அரசி மறைந்துபோவாள். ஆதலால் திருவிழா உபயகாரர்களையும் கோவிற் பரிபாலகர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுவே: ஆண்டுக்கு ஓரிரவையேனும் கதாப்பிரசங்கத்துக்கு முழுமையாக ஒதுக்குங்கள், பக்கவாத்தியக்காரருக்கு உரிய வேதனத்தைக் குறையாமற் கொடுங்கள், பண்ணோடு திருமுறை ஓதக் கற்ற உங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளில் இருவரையாவது இந்த அம்மையாரிடம் அனுப்பிவையுங்கள்.