மாமிட போனும் 1604 உம்

2012 ஜூலை. பனிச்சங்கேணியில எங்க நாலு பேருக்கும் 'போன் டொக்டர்மார்' எண்டு பேர் வந்திருந்த காலம். டிஸ்பிளே மாத்தினது ரெண்டு, ஜெயில்பிரேக் பண்ணினது மூண்டு, அவ்வளவுதான் எங்கட அனுபவம். ஆனா கதை பெரிசு. அந்தக் கதையை நம்பித்தான் மாமி தன்ர ஐபோன் 4 ஐக் கொண்டுவந்து தந்தா.

போன் கனடாவில இருக்கிற மகன் அனுப்பினது. 2010 இல ஒப்பந்தத்தில எடுத்ததால அங்கத்தைய ஒரு கம்பனிக்குப் பூட்டப்பட்டிருந்தது. டவுன்ல ஒரு கடையில ஜெயில்பிரேக் பண்ணி, அல்ட்ராஸ்னோ போட்டுத் திறந்து குடுத்திருந்தாங்க. ரெண்டு வருசம் நல்லா ஓடிச்சு. இப்ப மகன் வரச்சொன்ன ஆப் பழைய ஐஓஎஸ்ல ஏறுதில்ல. "புதுசாக்கித் தாங்க மனே, பேரப்பிள்ளையப் பாக்கணும்" எண்டா.

இதுல ஒரு சிக்கல் இருந்தது. போனுக்குள்ள நெட்வேர்க்கோட பேசுற பகுதிக்கு பேஸ்பேண்ட் எண்டு பேர். அதுக்கும் தனி மென்பொருள் இருக்கு. மாமிட போன்ல இருந்தது 01.59.00. அல்ட்ராஸ்னோ பயன்படுத்தின ஓட்டை ஐபோன் 4 இல அந்தப் பதிப்பிலதான் இருந்தது. வழமை மாதிரி அப்டேட் குடுத்தா பேஸ்பேண்டும் மேல ஏறும், ஓட்டை அடைபடும், திரும்பக் கீழ இறக்க ஏலாது. அதுக்குப் பிறகு உள்ளூர் சிம் வேலை செய்யாது. அதனால பேஸ்பேண்டைத் தொடாமல் ஐஓஎஸ் 5.1.1 ஐ மட்டும் ஏத்துற கஸ்டம் ஃபெர்ம்வேர் ஒண்டை ஸ்னோபிரீஸ்ல நாங்களே செய்யணும்.

மூலக் கோப்பு 800 எம்பிக்குக் கிட்ட. எங்கட டொங்கிளுக்கு அது கனவு. வாழைச்சேனையில ஒரு நெட் கஃபேயில இறக்கி, பென் டிரைவ்ல கொண்டுவந்தோம்.

துவங்க முதல் எங்கள்ல ஒருத்தி கேட்டாள்: "பேக்கப் எடுத்தாச்சா?" லப்டொப்ல இடம் குறைவு. ஐடியூன்ஸ் பேக்கப்புக்கு நேரமும் எடுக்கும். போனை வயர்ல குத்தினா விண்டோஸ் அதை ஒரு கமரா மாதிரிக் காட்டும். அதுல இருந்த படம் முழுக்கக் கொப்பி பண்ணினோம். "எல்லாம் எடுத்தாச்சு" எண்டோம். இந்த வசனத்தை ஞாபகம் வச்சிருங்க.

முதல் ராத்திரி. ஷிப்டை அமத்திக்கொண்டு ரீஸ்டோரைக் குத்தி, நாங்க செய்த கோப்பைக் காட்டினோம். கொஞ்ச நேரத்தில எரர் 3194. ரெண்டாம் ராத்திரி அதைத் தாண்டினோம், எரர் 1604. வயரை மாத்தினோம், யூஎஸ்பி துளையை மாத்தினோம், லப்டொப்பையே மாத்தலாமா எண்டு யோசிச்சோம். யூஎஸ்பி பிழையெண்டாலும் இந்த இலக்கம் வரும் எண்டதால மணிக்கணக்கா அதிலயே நிண்டோம்.

பிறகுதான் விளங்கிச்சு: இலக்கம் சொல்றது 'என்ன பிழை' எண்டதை விட 'எந்த இடத்தில மறிச்சது' எண்டதைத்தான். சாவடிகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு இதை விளங்கிறது கஷ்டமில்ல. ஒவ்வொரு சாவடியிலயும் ஒவ்வொரு கேள்வி.

முதல் சாவடி ஆப்பிளின் சேர்வர். எந்தப் போன்ல எந்தப் பதிப்பு ஏறலாம் எண்டு அது கையொப்பம் வைக்கணும். 5.1.1 க்கு அப்ப கையொப்பம் குடுத்துக்கொண்டுதான் இருந்தாங்க. ஆனா எங்கட லப்டொப்ல, முந்தி ஒரு போனுக்காக, ஹோஸ்ட்ஸ் கோப்பில ஆப்பிள் சேர்வரின் முகவரியை வேற இடத்துக்குத் திருப்பி ஒரு வரி எழுதி வச்சிருந்தோம். மறந்தே போனோம். கேள்வி பிழையான ஆளிட்டப் போனா, மறுமொழியும் பிழையாத்தானே வரும்? அந்த வரியை அழிச்சதும் 3194 போயிற்று.

ரெண்டாவது சாவடி போன். சாதாரண நிலையில போன் ஆப்பிள் கையொப்பமில்லாத எதையும் உள்ள விடாது. அதால முதல்ல டிஎஃப்யூ நிலைக்குக் கொண்டுபோய், கையொப்பம் பார்க்கிற வேலையை ஐரெப் கொண்டு நிப்பாட்டணும். இதுக்கு வழி திறந்தது ஜியோஹொட் எண்ட ஜோர்ஜ் ஹொட்ஸ் 2010 ஒக்டோபரில வெளியிட்ட லைமெரெயின். அது பூட்ரொம்ல இருக்கிற ஓட்டை. பூட்ரொம் தொழிற்சாலையிலயே எழுதி முடிஞ்ச பகுதி, அப்டேட்டால அடைக்க ஏலாது. 2007 இல முதலாவது ஐபோனின் நெட்வேர்க் பூட்டைத் திறந்து பேர் எடுத்தபோது அவருக்கு வயசு 17. எங்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு எண்டதில ஒரு பெருமை வேற.

டிஎஃப்யூவுக்கு பவர் பட்டனையும் ஹோம் பட்டனையும் ஒண்டா 10 செக்கன் அமத்தணும். மறுகா பவரை மட்டும் விட்டிட்டு, ஹோமை இன்னும் 10 செக்கன் பிடிக்கணும். நாலு பேரும் சத்தமா எண்ணினோம். ஐரெப் "முடிஞ்சுது" எண்டு காட்டிச்சு. ஸ்கிரீன் கறுப்பா இருந்தது. அப்பிடித்தான் இருக்கணும். ஆனா எங்கள்ல ஒருத்தன் ஒவ்வொரு முறையும் 'உசிர் இருக்கா' எண்டு பவரையும் ஹோமையும் ஒண்டா அமத்திப் பாத்திருக்கான். போன் ரீஸ்டார்ட் ஆகும், ஐரெப் செய்த வேலை அழியும், நாங்க திரும்ப டிஎஃப்யூ மட்டும் போட்டு ரீஸ்டோர் குடுப்போம், 1604 வரும். வயரில ஒரு குறையும் இல்ல. குறை எங்கட பொறுமையில.

மூண்டாம் ராத்திரி ஒருத்தரும் போனைத் தொடயில்ல. ரீஸ்டோர் முழுக்க ஓடிச்சு. சிடியாவில அல்ட்ராஸ்னோவைப் போட்டு, மாமிட சிம்மைக் குத்தினோம். 'சேர்ச்சிங்', 'சேர்ச்சிங்'... அஞ்சு கோடும் வந்தது. நாங்க போட்ட சத்தத்தில நாய் குலைச்சது.

விடிய மாமி வந்தா. படங்களைத் திருப்பிப் போட்டிருந்தோம். ஒவ்வொண்டாப் பாத்தா, சிரிச்சா. பிறகு கேட்டா: "அப்பாட குரல் எங்க மனே?"

மாமிட அப்பா வாவியில வலை போட்ட மனுசன். இளமையில வசந்தன் ஆடினவர். போன வருசம் காலமாகிட்டார். கடைசிக் காலத்தில வாசல்ல இருந்து முணுமுணுத்துப் பாடினதை மாமி வொய்ஸ் மெமோவில பதிஞ்சு வச்சிருந்திருக்கா. விண்டோஸ் 'கமரா' எண்டு காட்டின இடத்தில படமும் வீடியோவும் மட்டும்தான் இருக்கும். வொய்ஸ் மெமோ அங்க வராது. ஐடியூன்ஸ் பேக்கப் எடுத்திருந்தா வந்திருக்கும். ரீஸ்டோர் எல்லாத்தையும் அழிச்சுப் போட்டிருந்தது.

கிடைச்ச மீட்பு மென்பொருளெல்லாம் ஓடவிட்டோம். ஒண்டும் வரயில்ல. மாமி ஏசயில்ல. "சரி, விடுங்க" எண்டு போனை வாங்கிக்கொண்டு போனா. ஏசியிருந்தா லேசா இருந்திருக்கும்.

பிறகு உலகம் மாறிச்சு. 2017 டிசம்பர் 1 இல இருந்து கனடாவில போனைப் பூட்டி விக்க ஏலாது எண்டு அங்கத்தைய ஒழுங்குமுறை ஆணைக்குழு சட்டமாக்கிச்சு. ஏற்கனவே பூட்டின போனையும் காசில்லாமத் திறந்து குடுக்கணும். நாங்க மூண்டு ராத்திரி மல்லுக்கட்டின பூட்டு இண்டைக்கு அங்க இல்ல. ஆனா அதுக்காக நாங்க அழிச்ச குரல் அழிஞ்சதுதான்.

அந்த மூண்டு ராத்திரியும் போன்ல எந்தப் பதிப்பு, எந்தப் பேஸ்பேண்ட், எந்த எரர் எண்டு பாத்தோம். இதுல என்ன இருக்கு எண்டு மாமியிட்ட ஒருக்காக்கூடக் கேக்கயில்ல. கேட்டிருந்தா ஒரு நிமிசத்தில சொல்லியிருப்பா.

இப்பவும் ஆக்கள் போன் கொண்டு வருவாங்க. மொடல் நம்பர் பாக்கிறதுக்கு முதல் நாங்க கேக்கிறது ஒண்டுதான்: "இதுக்குள்ள உங்களுக்கு இல்லாமப் போகக் கூடாதது என்ன?" சிலர் சிரிப்பாங்க. சிலர் கொஞ்ச நேரம் யோசிப்பாங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நாங்க வயரை எடுக்கிறதில்ல.