பேசாத் திரையின் பேச்சு

எமது கல்லூரி மண்டபத்திலே நாடகம் பழகிய காலத்தில், "கடைசி வாங்கிலிருப்பவனுக்கும் கேட்கவேண்டும்" என்பதே யாம் இடைவிடாது கேட்ட அறிவுரை. குரலே நடிப்பென நம்பி வளர்ந்தோம். இன்று எமது செவிகள் மந்தமாகிவிட்டன. பேசும்படத்திற் பாதி எமக்கு விளங்குவதில்லை. அதனால் வீட்டுப் பிள்ளைகள் பழைய ஊமைப்படங்களைப் போட்டுக் காட்டுகின்றனர். அவற்றினூடே எம்மை ஆட்கொண்டவர் லொன் சேனி என்னும் அமெரிக்க நடிகர். சப்ளினை அறியாதார் இலர். இவரை அறிந்தோர் எம்மவருட் சிலரே.

இவர் 1883ஆம் ஆண்டு கொலராடோவிலே பிறந்தவர். தாய் தந்தையர் இருவரும் செவிப்புலனற்றவர்கள். தாயார் வாதநோயாற் படுக்கையில் வீழ்ந்தபோது, சிறுவன் பள்ளியை விட்டு அவருக்குத் துணையிருந்தான். ஊரிலே கண்டதையெல்லாம், ஒவ்வொருவர் நடையும் முகமும் தோன்றக் கையாலும் கண்ணாலும் அவருக்கு நடித்துக் காட்டினான். இதனினும் சிறந்த நடிப்புப் பள்ளி யாது?

பின்னாளில் இவரை "ஆயிரம் முகத்தான்" என்றனர். ஒப்பனையைத் தாமே செய்துகொள்வார். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒப்பனை பற்றி எழுதியவரும் இவரே. ஆயினும் ஒப்பனையைப் புகழ்வோர் நடிப்பை மறந்துவிடுகின்றனர் என்பது எமது குறை. 1923இல் வெளிவந்த 'நோத்ர டாம் கூனன்' படத்திலே, கசையடிபட்டுத் தாகத்தால் வாடுபவனுக்கு எஸ்மரால்டா நீர் கொடுக்கிறாள். ஒரு கண் மூடிய அந்த விகார முகத்திலே, தன்மீதும் ஒருத்தி இரங்கினாளேயென்ற வியப்பு மெல்லப் பரவுகிறது. அவ்விடத்தில் ஒரு வசனம் இருந்திருப்பின் கெட்டுப்போயிருக்கும். யாம் மும்முறை பார்த்தோம். மும்முறையும் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவேண்டியதாயிற்று.

பேசும்படம் வந்தபின்னரும் இவர் நெடுங்காலம் தயங்கினார். ஈற்றில், 1925இல் ஊமைப்படமாக நடித்த 'த அன்ஹோலி திறீ' கதையையே 1930இற் பேசி நடித்தார். கிழவியாகவும் கிளியாகவும் ஐந்து குரல்களிற் பேசி, அவை யாவும் தம்முடையனவே எனச் சத்தியக் கடதாசியும் முடித்துக் கொடுத்தார். அதுவே இவரது ஒரேயொரு பேசும்படம். படம் வெளியாகிச் சில வாரங்களுள், அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம், நாற்பத்தேழாம் வயதிற் காலமானார். இறுதி நாட்களிற் குரல் அடைத்துப்போகவே, தாயாருடன் பேசிய அதே கைமொழியாலே அருகிருந்தோருடன் பேசினாராம்.

நடித்த படங்கள் நூற்றைம்பதுக்கு மேல். அவற்றுட் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் தரும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறோம்.