சோக்கு, ஸ்டார்ட்டர், கொஞ்சம் வெந்தயக்கீரை

எங்க வீட்டு நடுக்கூடத்துல பகல் பன்னெண்டு மணிக்கும் லைட்டைப் போட்டாத்தான் எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரியும். செவிலிமேட்டுல எங்க தெரு பூரா இப்படித்தான். சுவத்துக்குச் சுவர் ஒட்டின நீள வீடு, முன்னாடி திண்ணை, உள்ள தறி, அதுக்கும் உள்ள இருட்டு. அந்த இருட்டுல முன்னாடி ரெண்டு தறி இருந்துச்சு. ஒண்ணு அப்பாவோடது, இன்னிக்கும் ஓடுது. இன்னொண்ணு சித்தப்பாவோடது. அவர் கம்பெனி வேலைக்குப் போனதும் தறியைப் பிரிச்சு மரத்தையெல்லாம் பரண்ல ஏத்தியாச்சு. கால் தொங்கப்போட்டு உக்கார்ற குழி மட்டும் அப்படியே கிடக்கு. சிமெண்ட் போட்டு மூட வேண்டாம்னு அப்பா சொல்லிட்டார். ஏன்னு யாரும் கேக்கல.

அந்தக் குழிக்குப் பக்கத்துலதான் நான் கீரை வளர்த்த கதை இது.

"மாடி எதுக்குடா இருக்கு?"ன்னு கேப்பீங்க. மாடியில குரங்கு இருக்கு சார். காஞ்சிபுரத்துக் குரங்குங்களைப் பத்தித் தனியாவே எழுதலாம். போன வருஷம் அம்மா வெச்ச தக்காளிச் செடியில முதல் காய் பழுத்த அன்னிக்கே செடியோட பிடுங்கிட்டுப் போச்சு. பழம் வேணும்னா பழத்தை எடுத்துக்க வேண்டியதுதானே, வேர் எதுக்கு? சரி, மேட்டருக்கு வருவோம். வீட்டுக்குள்ளயே செயற்கை வெளிச்சத்துல வளர்த்தா என்னன்னு தோணுச்சு. உலகத்துல நடக்காததா? ஓசூர் பக்கம் பசுமைக்குடில்ல சாமந்திக்கு ராத்திரியில லைட் போடறாங்க. சாமந்திக்கு ராத்திரி நீளமா இருந்தாத்தான் பூக்கும். நடுவுல வெளிச்சம் காட்டினா இன்னும் காலம் வரலைன்னு ஏமாந்து தண்டை நீட்டிக்கிட்டே இருக்கும். வியட்நாம்ல டிராகன் பழத்துக்கு இதுக்கு நேர் எதிரா, பூக்க வைக்கவே ராத்திரியில தோட்டம் பூரா பல்பு எரியுது.

எல்.இ.டி. வாங்கியிருக்கலாமேன்னு கேக்கறவங்களுக்கு: வாங்கியிருக்கலாம். ஆனா பழைய இரும்புக் கடையில ஒரு 250 வாட் சோடியம் லைட் செட்டு கண்ணுல பட்டுருச்சு. தெருவிளக்கையெல்லாம் எல்.இ.டி.யா மாத்தினப்போ கழட்டிப் போட்டதுல ஒண்ணு. சோக்கு, இக்னைட்டர், கெப்பாசிட்டர், ஹோல்டர், விளக்கு எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபா. சின்ன வயசுல எங்க தெரு பூரா எரிஞ்ச அதே மஞ்சள் விளக்கு. விட மனசு வரல.

சோக்கு எதுக்குன்னு ரெண்டு வரி. சாதா குண்டு பல்புல கம்பி சூடானா அதோட மின்தடையும் ஏறும், கரண்ட் தன்னால ஒரு அளவுல நிக்கும். ட்யூப்லைட்டு, சோடியம் விளக்கு எல்லாம் வாயுவுக்குள்ள மின்சாரம் பாயற ஜாதி. இதுல கரண்ட் ஏற ஏற வழி இன்னும் லேசாகிடும், லேசாக ஆக இன்னும் கரண்ட் ஏறும். 230 வோல்ட்டை நேரா குடுத்தா நிமிஷத்துல தன்னைத்தானே தீர்த்துக்கும். நடுவுல ஒருத்தன் பிடிச்சு நிறுத்தணும். அவன்தான் சோக்கு. இரும்புத் தகட்டு மேல செம்புக் கம்பி சுத்தின கனமான டப்பா. இதையெல்லாம் காலேஜ்ல படம் வரைஞ்சு 16 மார்க் கேள்விக்கு எழுதினவன்தான் நான். வரைஞ்சதோட சரி, பொழப்பு ஜாவாவுல ஓடுது. ஹி ஹி.

ஃபேஸை சோக்குக்குக் குடுத்து, அங்கேர்ந்து இக்னைட்டர் வழியா விளக்குக்கு, நியூட்ரலை நேரா ஹோல்டருக்கு. விளக்கு பத்தற வரைக்கும் இந்த இக்னைட்டர் மூவாயிரம் நாலாயிரம் வோல்ட்ல துடிப்பு துடிப்பா அடிக்கும். அதனால ஒயரைத் தொடாம தள்ளி நின்னு சுவிட்சைப் போட்டேன். உர்ர்ர்னு ஒரு சத்தம். முதல்ல வெளிறின ஒரு வெளிச்சம், நாலஞ்சு நிமிஷத்துல கூடமே மஞ்சளாயிடுச்சு. எனக்கு எட்டாவது படிச்சப்போ தெருவுல கிரிக்கெட் ஆடின ராத்திரி ஞாபகம் வந்துருச்சு.

பக்கத்துல தறிச் சத்தம் நின்னுடுச்சு.

அப்பா அப்போ நெய்துட்டு இருந்தது எம்.எஸ். புளூ உடம்பு, அரக்கு பேட்டு. கோர்வைப் புடவை. உடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு பக்கத்துப் பேட்டுக்கும் தனித்தனி நாடா, அந்தப் பக்கம் அம்மா கோர்வைக்கு உக்காந்திருக்காங்க. நான் எட்டிப் பார்த்தா புளூ கருப்பாத் தெரியுது, அரக்கு சேத்துக் கலர்ல தெரியுது. ஜரிகை மட்டும் நல்லா பளபளன்னு இருக்கு. சோடியம் விளக்குல நீலமே கிட்டத்தட்ட கிடையாது. இல்லாத கலரைத் துணி எங்கேர்ந்து திருப்பிக் காட்டும்? தெருவுல ரோடு தெரியறதுக்கு அது போதும். நூலுக்குப் போதாது.

"டேய், எல்லா நூலும் ஒரே நூலா ஆயிடுச்சுடா. நிறுத்து"ன்னார் அப்பா. திட்டக்கூட இல்ல.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டார், "அது எவ்ளோ இழுக்கும்?" கணக்குப் போட்டேன். விளக்கும் சோக்கும் சேர்ந்து 275 வாட், ஒரு நாளைக்கு 12 மணி நேரம், ரெண்டு மாசத்துக்குக் கிட்டத்தட்ட 200 யூனிட். கைத்தறி நெசவாளருக்கு ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டா இருந்த இலவச மின்சாரத்தை 2023ல 300 ஆக்கினாங்க. "தறிக்குக் குடுத்த கரண்ட்டை கீரைக்கு ஊத்தப் போறியா?"ன்னு ஒரு கேள்வி. பில்லு நான் கட்டறேன்ப்பான்னு சொன்னேன். அது இல்ல அவர் கேட்டதுன்னு எனக்கும் தெரியும்.

மறுநாள் சோடியம் செட்டு பரணுக்குப் போச்சு. அதுக்குப் பதிலா அப்பாவே பரண்லேர்ந்து ரெண்டு ட்யூப்லைட் பட்டியை இறக்கினார். சித்தப்பா தறிக்கு மேல தொங்கினது. தூசி, ஒட்டடை, ஒரு பட்டியில குளவிக் கூடு. "இது போதுமா உன் கீரைக்கு?"

போதுமா போதாதான்னா, செடிக்குப் பக்கத்துல கொண்டுபோனா போதும். நம்ம ஊர் உச்சி வெயில் லட்சம் லக்ஸ் இருக்கும். நாலடி ட்யூப் கூரையில தொங்கினா தரைக்கு வர்றது நூத்துக்கணக்குலதான். அதையே ஆறு அங்குலத்துக்கு இறக்கினா, என் செல்போன் அளவுக்கு, ரெண்டு ட்யூபும் சேர்ந்து அஞ்சாயிரம் சொச்சம். தக்காளிக்குப் பத்தாது, கீரைக்கு ஓடும். சோடியம் விளக்கை இப்படி இறக்க முடியாது, இலை கருகிடும். ட்யூபைத் தொட்டாக்கூட கை சுடாது. பச்சை வெளிச்சம் செடிக்கு வேஸ்ட்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. மெக்ரீங்கறவர் 1972லயே பயிர் பயிரா அளந்து, இலை பச்சையையும் நல்லாவே பயன்படுத்துதுன்னு காட்டிட்டார்.

ட்யூப் பட்டி ஒயரிங் அப்பாவுக்கு மனப்பாடம். சுவிட்ச்லேர்ந்து சோக்கு. சோக்குலேர்ந்து ட்யூபோட ஒரு முனையில ஒரு பின். அதே முனையில இன்னொரு பின்லேர்ந்து ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டரோட மறுபக்கத்துலேர்ந்து ட்யூபோட அடுத்த முனை. மிச்சம் இருக்கற பின் நியூட்ரலுக்கு. சுவிட்ச் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள்ள வாயு மினுக்கும், அந்தச் சூட்டுல உள்ள இருக்கற ரெட்டை உலோகப் பட்டை வளைஞ்சு ஒட்டிக்கும், ட்யூபோட ரெண்டு முனையும் சூடாகும். ஒட்டினதும் மினுக்கறது நின்னுடும், பட்டை ஆறி விடுபடும். விடுபடற அந்த நொடியில சோக்கு ஒரு உதை விடும் பாருங்க, அந்த வோல்ட்டேஜ்லதான் ட்யூப் பத்திக்கும். முப்பது ரூபா சமாச்சாரத்துக்குள்ள எவ்ளோ மூளை! இதை நான் எழுதி மார்க் வாங்கினேன், அப்பா மாட்டி வேலை வாங்கறார்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் நான் ரெடி பண்ணது. சுவிட்ச் வெச்ச பாக்ஸ். பழைய தறி பக்கத்துல இருந்த பிளக் பாயின்ட்ல சொருகி, ட்யூபை மாட்டிப் பார்த்தேன், லூசா ஆடிச்சு. பாக்ஸ் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, ட்யூபைக் கழட்டி, ஹோல்டருக்குள்ள பின் தகட்டை விரலால நிமிர்த்தினேன். அது சோக்கு பக்கத்து முனை. அடுத்து நியூட்ரல் பக்கத்து முனைக்குக் கையைக் கொண்டுபோறேன். வெறும் கால். தொட்டிக்குத் தண்ணி ஊத்தி கீழ ஒரே ஈரம்.

"டெஸ்டர் வெச்சியா?"

"ஆஃப் பண்ணிட்டேன்ப்பா. அதுவும் இது நியூட்ரல் சைடு."

"டெஸ்டர் வெச்சியான்னு கேட்டேன்."

அலுத்துக்கிட்டே அவர் சட்டைப் பையிலேர்ந்து டெஸ்டரை வாங்கி வெச்சேன். பளிச்சுனு எரிஞ்சுது.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவே இல்ல. சுவிட்ச் ஆஃப், ட்யூப் கையில, டெஸ்டர் எரியுது. அப்புறம்தான் சுவத்துப் பாயின்ட்டைச் சோதிச்சோம். மூணு பின் சாக்கெட்டை நேரா பார்த்தா மேல எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல் இருக்கணும். இது உல்ட்டா. அதனால என் பாக்ஸ் சுவிட்ச் வெட்டினது நியூட்ரலை. நான் நியூட்ரல்னு நம்பி கைய வைக்கப் போன முனையில 230 வோல்ட் அப்படியே நின்னுட்டு இருக்கு. லைட் எரியாது, ஆனா ஆளை எரிக்கும். இத்தனை வருஷம் சித்தப்பா ட்யூப் அந்தப் பாயின்ட்லதான் ஓடிச்சு, எல்லாம் ஒழுங்கா எரிஞ்சதால யாருக்கும் தெரியல. தப்பு மாட்டினது யாருன்னும் தெரியல. மாட்டறதுக்கு முன்னாடி சோதிக்காதது நான். கோடுல நல் செக் வைக்காம விட்டா ரிவ்யூல எத்தனை பேரைக் குடைஞ்சிருப்பேன்!

அப்பா ஒண்ணும் சொல்லல. மெயினை இறக்கிட்டு, பரண் மேல ஏறி, சித்தப்பா தறியில உக்கார்ற பலகையை எடுத்துட்டு வந்து ஈரத்து மேல போட்டார். "இது மேல நின்னு பண்ணு." அவ்ளோதான். அவர் கை லேசா நடுங்கிச்சு, நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்ல எல்லாப் பாயின்ட்டையும் சோதிச்சு, இன்னும் ஒண்ணு உல்ட்டாவா இருந்ததையும் மாத்தி, 30 மில்லி ஆம்பியர் தரையில கசிஞ்சாலே கட் பண்ற ஆர்.சி.சி.பி. போட்டாச்சு. பட்டியோட தகர உடம்புக்கு எர்த் குடுத்தாச்சு.

கீரைக்கு வருவோம். வெந்தயக்கீரை பிரமாதம், இருபத்தஞ்சு நாள்ல அறுத்துட்டோம். புதினா பரவாயில்ல. கொத்தமல்லி நெட்டையா வளர்ந்து சாஞ்சுது. தக்காளி இலையைக் காட்டியே ஏமாத்திருச்சு. தினம் 14 மணி நேரம் எரிஞ்சும் ரெண்டு மாசத்துக்கு 80 யூனிட் சொச்சம்தான், அதுக்கு நான் அப்பா கையில பணம் குடுத்துடறேன். வாங்கிக்கறார். :-)

இதுல எதிர்பார்க்காத ஒண்ணு. செடிக்காக ஒரு பட்டியில கொஞ்சம் விலை கூடின ட்ரைபாஸ்பர் ட்யூப் போட்டிருந்தேன். சாதா ட்யூப் மாதிரியே 36 வாட்தான், வெளிச்சமும் கூட, கலரும் சுத்தமாத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் பார்க்கறேன், அப்பா குழிக்குப் பக்கத்துல குந்தி உக்காந்து, கீரைக்கு மேல ரெண்டு நூல் சிட்டத்தைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருக்கார். ரெண்டும் அரக்குதான், சாயம் போட்ட தடவை வேற. தன் தறி லைட்ல ஒண்ணா தெரிஞ்சுதாம், இங்க வித்தியாசம் தெரியுதாம். "இந்த ட்யூப் எங்க கிடைக்கும்?"

இன்னும் ரெண்டு மூணு வாங்கி வெச்சுக்கணும். பாதரசம் இருக்கறதால மினமாட்டா ஒப்பந்தத்துப்படி 2027க்குள்ள ட்யூப்லைட் உற்பத்தியை நிறுத்தணும்னு 2023ல முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் நல்ல எல்.இ.டி. தேடணும், கலர் சரியாத் தெரியறதா பார்த்து.

போன ஞாயித்துக்கிழமை அப்பா தறிக்கு மேலயும் அதே ட்யூபை மாட்டினோம். சோக்கை நான் கனெக்ட் பண்ணேன், பலகை மேல நின்னுதான். டெஸ்டரை அவர் பிடிச்சிருந்தார்.