முலூசும் நிஜாமுதீனும்

கோடை முடியும் தறுவாயில் பாரிசின் லா ஷப்பேல் தெருக்களில் மாணிக்க விநாயகர் தேர் புறப்பட்டால் தொலைக்காட்சிக்காரர்கள் தவறாமல் வந்துவிடுவார்கள். சிதறும் தேங்காய், காவடி, பட்டுப்புடவை. ஒன்றரை நிமிடச் செய்தி. மறுநாள் அந்தக் கோயிலை யார், எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. எனக்கு அதில் பெரிய குறையில்லை. வேடிக்கைப் பொருளாக இருப்பதும் ஒரு சலுகைதான் என்பது 2020-இல் விளங்கியது.

அந்த ஆண்டு பிப்ரவரி 17 முதல் 21 வரை கிழக்கு பிரான்சின் முலூஸ் நகரில் ஒரு சுவிசேஷ சபை உபவாச ஜெபம் நடத்தியது. சுமார் 2,000 பேர் கூடினார்கள். அங்கிருந்து கொரோனா நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. எந்த நாளில் யாருக்குக் காய்ச்சல் கண்டது, அவர்கள் எந்த ஊருக்குத் திரும்பினார்கள் என்று பத்திரிகைகள் தேடித் தேடி எழுதின. போதகரே நோயில் விழுந்து மருத்துவமனை போய் வந்தார், அவரிடமும் கேட்டார்கள். அப்போது கூட்டத்துக்குத் தடை இல்லை என்பதையும் சொன்னார்கள். சபையினருக்கு வசவும் மிரட்டலும் வந்தன, அதுவும் செய்தியானது. கிறிஸ்தவர்கள் கிருமியைப் பரப்பினார்கள் என்ற தலைப்பு மட்டும் என் கண்ணில் படவில்லை.

மார்ச்சில் டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் அமைப்பின் மாநாடு, அங்கும் தொற்று. தமிழகத்தில் மாலைதோறும் வரும் கொரோனா அறிக்கையில் டெல்லி போய்வந்தவர்களுக்குத் தனிக்கணக்கு. வட இந்தியச் சேனல்களில் ‘கொரோனா ஜிகாத்’. எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தத் துண்டு வீடியோக்கள் மழையாகக் கொட்டின. புதுச்சேரிப் பக்கத்துச் செலியமேட்டிலிருந்து அத்தை கூப்பிட்டார்.

“அங்கயும் பாய் கடை இருக்குமே, கறி கிறி வாங்கிடாதடா.”

நான் கறி வாங்குவது ஓர் அல்ஜீரியரிடம். ஊரடங்கில் வாசலில் கோடு கிழித்து, ஒருவர் ஒருவராக உள்ளே விட்டவர் அவர். அதை அத்தையிடம் சொன்னேன். பிறகு, வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்து வந்து அத்தை வீட்டுத் திண்ணையில் மூட்டையைப் பிரித்து, தவணைக்குப் புடவை கொடுத்துப்போகும் பாயைப் பற்றிக் கேட்டேன்.

“அவரு வேற. டிவில காட்றவங்க வேற.”

எத்தனையோ வருஷப் பழக்கத்தை டிவி அசைக்கவில்லை. பழக்கமும் டிவியை அசைக்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருந்தன. எனக்குப் பயம் தந்தது அதுதான்.

அந்த ஆகஸ்ட் 21-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக்குக்கு வந்த வெளிநாட்டவர் சிலர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அச்சு, காட்சி ஊடகங்களில் பெரும் பிரசாரம் நடந்தது என்றும் அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும் தீர்ப்பு சொன்னது. எங்கள் குழுவில் அதை யாரும் பகிரவில்லை. நான் போட்டேன். மாமா ஒரு காலை வணக்கப் படம் அனுப்பினார்.

முலூஸைப் பற்றி எழுதிய விதத்தை வைத்து பிரெஞ்சுப் பத்திரிகையை மெச்சத் தேவையில்லை. முலூஸ் சபையினர் செய்தியாசிரியர்களின் அக்கம்பக்கத்தார் மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான். 2023-இல் அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவிகள் அணியும் நீள அங்கியான அபாயாவைத் தடை செய்தபோது இதே ஊடகங்கள் பள்ளி வாசல்களில் கேமராவோடு நின்றன. செப்டம்பர் 4, திறப்பு நாள். நாட்டில் சுமார் 1.2 கோடி மாணவர்கள். அபாயாவோடு வந்தவர்கள் 298 பேர். மாற்றிக்கொள்ள மறுத்துத் திரும்பியவர்கள் 67 பேர். அமைச்சரே சொன்ன கணக்கு. நாள் முழுக்க அதுதான் விவாதம். ஆசிரியர் பற்றாக்குறை என்று சங்கங்கள் கத்தியது ஓரமாகப் போயிற்று. என் மகளின் வகுப்புக்கு அந்த வாரம் கணக்கு வாத்தியார் வரவில்லை.