குறுயானைகள் உலவிய தீவு

மத்தியதரைக் கடலில், சிசிலித் தீவுக்குத் தெற்கே அமைந்துள்ள சிறு நாடு மால்டா. பரப்பளவு 316 சதுர கிலோமீட்டரே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கில்லை. எனினும், தொன்மையான வழிபாட்டிடங்களைத் தேடிச் செல்வோர் இதனைத் தவறவிடலாகாது என்பது என் துணிபு.

முதலில் காண வேண்டியது ஆர் தலாம் குகை. 144 மீட்டர் நீளமுள்ள இக்குகையின் அடியடுக்கில் குறுயானை, குறுநீர்யானை ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. அதற்கு மேல் மான்கள். அதற்கும் மேல் மனிதர் விட்டுச் சென்ற தடயங்கள். நாற்பதாண்டுக் காலம் பேரேடுகளைப் புரட்டிய எனக்கு, நாள் தவறாமல் எழுதப்பட்ட கணக்கேடு போலவே அது தோன்றியது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனிக்காலத்தில் சிசிலியிலிருந்து வந்த யானைகள், இரை குறைந்த தீவில் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தன. அவற்றுள் ஓர் இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற யானையே நம் இடுப்பளவுதான்! யானை சிறுத்த அதே தீவில் அன்னம் பருத்தது. இன்றைய அன்னத்தினும் பெரிய அன்னத்தின் எலும்புகளும் அங்குக் கிடைத்துள்ளன.

கோசோ தீவிலுள்ள ஜ்கந்தியா ஆலயங்கள் கி.மு. 3600 அளவில் எழுந்தவை. எகிப்தியப் பிரமிடுகளுக்கும் மூத்தவை. உலோகக் கருவி அறியாத மக்கள் அடுக்கிய அக்கற்களைக் கண்ட பிற்காலத்தார், குழந்தையைத் தோளில் சுமந்த அரக்கி ஒருத்தி கட்டியதென்று கதை சொன்னார்கள். ம்னைத்ரா ஆலயத்திலோ, இரவும் பகலும் சமமாகும் நாளில் உதயசூரியனின் கதிர் வாயில் வழியே நேராக உள்ளே பாய்கிறது. அங்கு நிற்கையில் கைகள் தாமே குவிந்தன.

1902இல் வீடு கட்டக் குழி தோண்டியவர்கள் கண்டெடுத்த நிலத்தடி ஈமக்கோயில் ஹைபோஜியம். பாறையைக் குடைந்த அறைகளில் செங்காவியில் தீட்டிய சுருள் ஓவியங்கள் உள்ளன. பார்ப்போரின் மூச்சுக்காற்றே அவற்றுக்குப் பகையாவதால், நாளொன்றுக்கு மிகச் சிலரையே அனுமதிக்கிறார்கள். முன்பதிவின்றிச் சென்றால் பெரும்பாலும் ஏமாற்றமே. கண்டிப்பு கடுமைதான், ஆயினும் நியாயமானது.

நாட்டின் தேசியச் செடியும் இத்தகைய காவலை வேண்டி நிற்பதே. கடலோரச் செங்குத்துப் பாறைகளில், தடித்த இலைகளோடும் ஊதா மலர்களோடும் வளரும் அது வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளர்வதில்லை. மால்டா மொழியில் அதன் பெயருக்குக் ‘கடலின் காது’ என்று பொருள்.

அம்மொழியும் விந்தையே. அரபு மொழியின் கிளையாகப் பிறந்து, இலத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும் இறைவனை அவர்கள் அழைக்கும் சொல் ‘அல்லா’ என்பதே.

மோஸ்டா நகரின் பெரிய வட்டக்கூரைத் தேவாலயத்தை மக்கள் பக்தியோடு காட்டுகிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று, வழிபாட்டுக்காகப் பலர் கூடியிருந்த வேளையில், ஜெர்மானிய விமானம் வீசிய குண்டொன்று கூரையைத் துளைத்து உள்ளே விழுந்து உருண்டது. அது வெடிக்கவில்லை. ஒருவர் உயிருக்கும் தீங்கில்லை. அக்குண்டின் மாதிரி ஒன்றை ஆலயத்தின் பக்க அறையில் வைத்திருக்கிறார்கள்.